வெள்ளிக்கிழமையில் இரணைதீவுக்கு ஒரு கப்பல்

காலை ஐந்து மணிக்கெல்லாம் கிளிநொச்சி கனகபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஓட்டோ வந்து நின்றுவிட்டது. நான் நாலு மணியிலிருந்தே தயார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, விடியாத இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி. கப்பற் பயணம் போகிறவன் கப்பற் தலைவனைப் போல இருக்க வேண்டாமா? கண்ணாடியால் ஒன்றும் தெரியாமல் கிணற்றடி வாளியில் ஒருமுறை இடறி விழுந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அப்போது சாமியறையிலிருந்து என் மனைவி தவமணி வெளியே வந்தாள். தலை முழுகி, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, நெற்றி நிறையத் திருநீறு.

"என்ன, விடியக் காலமையே முழுகியிருக்கிறாய்?"

"இண்டைக்கு வெள்ளியெல்லே."

அந்த இடத்திலேயே எனது கப்பல் பாறையில் மோதியது.

விளக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி அன்றோடு இருபத்தைந்து ஆண்டுகள். தவமணியின் தங்கை கணவனோடு கனடாவில் இருக்கிறாள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே மாசியில்தான் கல்யாணம். இரண்டு சோடியும் சேர்ந்து தீவுகள் சுற்றும் பெரிய கப்பலில் போவோம், செலவு முழுக்கத் தங்களுடையது என்று போன வருடம் அழைத்தார்கள். தவமணி பூவரசங்குளத்தில் பிறந்தவள். நெல்வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் வளர்ந்த அவள், இரண்டு மாதம் கப்பற் கதை தவிர வேறு கதை கதைக்கவில்லை. எந்தத் தீவில் இறங்கி எதைப் பார்ப்பது என்று தங்கையோடு போனில் தினமும் ஆலோசனை. கடைசியில் எங்களுக்கு விசா கிடைக்கவில்லை.

"விடுங்கோ. எனக்கென்ன கடல்? இரணைமடுக் குளம் காணும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. சேலை வேண்டுமா என்றால் இருக்கிறது என்பாள். கோயில் திருவிழாவுக்குப் போவோமா என்றால் நீங்கள் போங்கோ என்பாள். கேட்டுக்கேட்டுச் சண்டை பிடித்த பெண் கேட்காமல் விட்டால் வீடு என்னமாய் இருக்கும் என்பது, நீர்ப்பம்பி திருத்தும் எனக்கு நன்றாகத் தெரியும். இயந்திரம் சத்தம் போட்டால் திருத்தலாம். சத்தமே இல்லாவிட்டால்தான் பயம்.

ஆகவே நான் சொந்தமாக ஒரு கப்பற் பயணம் திட்டமிட்டேன். கடல் எங்களுக்கும் இருக்கிறது. தீவும் இருக்கிறது, அதுவும் சோடியாக. பூநகரிக்குத் தெற்கே, இரணைமாதாநகர் கரையிலிருந்து மேற்கே கடலுக்குள் இரணைதீவு. தை மாதத்தில் ஒருநாள் தனியே போய் அருளப்பு அண்ணை என்ற மீனவரைப் பிடித்தேன். வள்ளம், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய் பேசினோம். சுற்றிப் பார்க்க மூன்று இடங்களை முடிவு செய்தேன். முதலாவது மாதா கோயில், இரண்டாவது கட்டாக்காலி மாடுகள், மூன்றாவதும் பிரதானமானதும் மதியச் சாப்பாடு. அதற்கு ஐயாயிரம் முற்பணம் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் சொன்ன வசனம் இது: "விளைமீன், கணவாய், இறால். மரக்கறியைக் கண்ணிலையும் காட்டக்கூடாது, அண்ணை. அது வீட்டிலை வேண்டியளவு கிடக்கு."

திகதி சொன்னேன். கிழமை பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீனின் பெயரைக்கூட உரத்துச் சொல்வதில்லை.

இந்த உண்மையை அவளிடம் சொன்னால் "அப்ப இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்பாள். அந்த இன்னொரு நாள் வரவே வராது. போதாக்குறைக்கு அவள் கட்டுவதாகச் சொன்ன இட்டலிப் பொதியையும் "கப்பலிலை சாப்பாடு சேர்த்துத்தான்" என்று நானே முதல்நாள் தடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

ஓட்டோக்காரர் நியாஸ், நாச்சிக்குடாவைச் சேர்ந்தவர். இரணைமாதாநகருக்கு அடுத்த ஊர்தான். ஒரு நாளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய். அக்கராயன் தாண்டி, ஜெயபுரம் ஊடாக முழங்காவிலுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். வழியில் மயில்கள் எங்களைவிட அவசரமாகத் தெருவைக் கடந்தன. அக்கராயனில் தேநீர்க் கடையைக் கண்டதும் நான் தாராள மனம் காட்டினேன்.

"நியாஸ், இறங்கும். பிளேன்ரீயும் ரெண்டு றோலும் எடுப்பம்."

"நீங்க எடுங்க அண்ணை. எனக்கு நோன்பு."

"அட, நோன்பு துவங்கீட்டுதே?"

"துவங்கி ரெண்டு நாள் ஆச்சு. உங்கட வீட்டுக் கலண்டர் என்ன நாட்டுக் கலண்டர்?"

பின்னாலிருந்து தவமணி, "அவர் கலண்டர் பாக்கிறதில்லை தம்பி. கரண்ட் பில் வந்தால்தான் மாசம் பிறந்தது தெரியும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்க முடியாமல் வெறுந்தேநீரை விழுங்கினேன். மீன் றோலைத் தொடாததைத் தவமணி பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு இரணைமாதாநகர் இறங்குதுறை. அடையாள அட்டை இலக்கங்களைப் பதிந்தார்கள். நியாஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டுப் பின்னேரம் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அருளப்பு அண்ணை அறுபது வயது, உப்பில் ஊறிய மனிதர். எனது உடுப்பை மேலிருந்து கீழே பார்த்தார்.

"தம்பி, கிரிக்கெற் விளையாடவோ வந்தனீர்?"

நான் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் காதுக்குள் விடயத்தைச் சொன்னேன். "அண்ணை, இண்டைக்கு வெள்ளி. அவா மீன், மச்சம் ஒண்டும் தொடமாட்டா. ஒரு கத்தரிக்காயாவது..."

"நீர்தானே கண்ணிலையும் காட்டக்கூடாது எண்டனீர்? என்ரை மனிசி றீற்றா நேற்றே தீவுக்குப் போயிட்டா. மீன் இப்ப அடுப்பிலை." என் முகத்தை அவர் சிறிது நேரம் ரசித்தார். "சரி, ஏறும். அங்கை போய்ப் பாப்பம்."

வள்ளத்துக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போக வேண்டும். தவமணி செம்மஞ்சள் பாதுகாப்பு அங்கியைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தண்ணீரின் விளிம்பில் நின்றுவிட்டாள். அவள் பாதம் கடலைத் தொடுவது அது முதல்முறை இல்லை. ஆனால் கடலுக்கு மேலே போவது இதுதான் முதல்முறை.

"நான் இதிலை நிக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

நான் ஏதோ பெரிய வசனம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அருளப்பு அண்ணை கையை நீட்டினார்.

"பிள்ளை, கலியாண வீட்டுக்கு வந்தனீ. வலது காலை வைச்சு ஏறு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே வலது காலை வைத்தாள். வள்ளம் ஆடியது. பிடிமானத்துக்கு எனது தோளை ஒரு தள்ளுத் தள்ளி அவள் உள்ளே போனாள். நான் வெள்ளை உடுப்போடு கடலுக்குள் போனேன். கரையில் வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். கப்பற் தலைவன் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய வரவேற்பு அதுதான்.

மாசியில் வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இன்னும் தொடங்காத நாட்களில் அந்தக் கடல் தட்டிலே ஊற்றிய பால் மாதிரிக் கிடக்கும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். முதல் கால் மணித்தியாலம் தவமணி கண்ணை மூடித் தேவாரம் சொன்னாள். இரண்டாவது கால் மணித்தியாலம் ஒரு கண்ணைத் திறந்து சொன்னாள். பிறகு தேவாரத்தை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அந்த மிதவை எதற்கு? தண்ணீருக்குள் மூழ்கும் அந்தக் கறுப்புப் பறவை எத்தனை நேரம் மூச்சடக்கும்? இங்கே ஆழம் எவ்வளவு? அருளப்பு அண்ணை சவள் துடுப்பை ஊன்றிக் காட்டினார். இடுப்பளவுதான். "இவ்வளவுதானே! இதுக்கோ நான் பயந்தனான்?" என்று அவள் என்னைத்தான் முறைத்தாள். நான் ஈரக் காற்சட்டையில் நடுங்கிக்கொண்டு, தீவில் காத்திருக்கும் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீவு முதலில் தென்னைகளாய்த் தெரிந்தது, பிறகு வெண்மணலாய், பிறகு கோயிற் கோபுரமாய். போரில் இடம்பெயர்ந்த சனங்கள் நெடுங்காலம் தங்கள் மண்ணுக்கு வர முடியாமல் இருந்து, பின்பு வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டி வந்து இறங்கிய கரை அது. இப்போது கூரையில்லாத கல்வீடுகளுக்குப் பக்கத்தில் புதிய கிடுகு வாடிகள். மீன்பிடிக்க வந்து தங்குகிறவர்களின் கொட்டில்களைத்தான் வாடி என்கிறார்கள். மாதா கோயிலில் தவமணி மெழுகுதிரி கொளுத்தினாள். திருநீற்று நெற்றியோடு நெடுநேரம் நின்றாள். "என்ன கேட்டனீ?" என்றேன். "ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது இடத்தில்தான் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. ஊரார் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன மாடுகள் பெருகிக் காட்டு மாடுகளாகி, பற்றைகளுக்குள் திரிகின்றன. நான் வழிகாட்டியின் குரலில், "கிட்டப் போகாதை. இதுகள் மனிசரைக் கண்டால் பாயும்" என்றேன். தவமணி நாலு மாடு வளர்க்கிறவள். நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தாள். நெற்றிச்சுட்டிப் பசு ஒன்று தலையைத் தூக்கி, காதை முன்னால் வைத்து, எங்களை நோக்கி நாலடி நடந்து வந்தது. நான் ஆறடி பின்னால் போனேன்.

"சினைப்பசு" என்றாள் அவள். "இன்னும் ஒரு மாசத்திலை கண்டு போடும். பாருங்கோ, என்ன வடிவான மடி!" அவளுடைய குரலில் ஒரு வருடமாக நான் கேட்காத ஏதோ ஒன்று இருந்தது. சந்தோசத்தில் சாப்பாட்டை மறந்துபோனேன். அது என்னை மறக்கவில்லை.

நண்பகலில் வாடிக்குள் போனோம். அருளப்பு அண்ணையின் மனைவி றீற்றா அக்கா பாயை விரித்து, நடுவில் பெரிய மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தா. விளைமீன் தலை ஒன்று புளிக்குழம்புக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. பக்கத்தில் கணவாய்க் கறி, இறால் பொரியல்.

தவமணி மூக்கைச் சுருக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இது மீன்."

"ஓம்."

"இண்டைக்கு வெள்ளி."

"ஓம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீ முழுகிப்போட்டு வரேக்கை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ வந்திருக்கமாட்டாய், தவம். உன்னைக் கடலுக்குக் கூட்டிவர வேணும் எண்டு மூண்டு மாசமாய்..." கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம் என்று தேடினால் அது கடலோடு போயிருந்தது.

றீற்றா அக்காவின் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது.

"தங்கச்சி, அந்தாளை விடுங்கோ. வேதக்காரர் எங்களுக்கும் நோன்புதான், தவக்காலம் துவங்கீட்டுது. வெள்ளியிலை நாங்களும் இந்த வீட்டிலை மச்சம் தொடுறேல்லை. விருந்தாளி கேட்டவர் எண்டு காய்ச்சினனான். எங்கடை சாப்பாடு குசினிக்குள்ளை இருக்கு." உள்ளே போய் அடுத்த சட்டிகளைக் கொண்டுவந்தா. பூசணிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பருப்பு, மோர்மிளகாய்.

தவமணி அந்தச் சட்டிகளைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "இந்தாள் ஊரிலை உள்ள சாமியெல்லாம் விரதம் இருக்கிற நாளாய்ப் பாத்துக் கடலைக் காலியாக்கியிருக்கிறார்!"

"அப்ப இவ்வளவு மீனும் ஆருக்கு?" என்றார் அருளப்பு அண்ணை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரே சாப்பிடட்டும். அவர்தானே கேட்டவர்" என்றாள் தவமணி, மிக அன்பாக.

எனது பக்தி மனைவியின் பார்வை எட்டும் தூரம் வரைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று விரதகாரர் சுற்றியிருந்து பூசணிக்காய் சாப்பிட, நடுவில் ஒருவன் தனியே விளைமீன் தலையை உறிஞ்ச முடியுமா? மீன் சட்டிக்குக் கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன், முருங்கையிலை வறையில் வைத்தேன். ஐயாயிரம் ரூபாய் கொடுத்துத் தடைசெய்த மரக்கறியை மூன்றுமுறை போட்டுச் சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பூசணிக்காயை மறக்க முடியாது.

கை கழுவும்போது தவமணி திட்டமிடும் பொறுப்பைக் கையில் எடுத்துவிட்டாள். "நியாஸ் தம்பி பின்னேரம் ஆறரைக்குள்ளை நோன்பு திறப்பார். றீற்றா அக்கா, இந்த மீன்சட்டி அவருக்கு. மூடியை இறுக்கிக் கட்டித் தாங்கோ."

திரும்பும் வழியில் நான் சட்டியை மடியில் வைத்துக் காவல் இருந்தேன். பின்னேரக் காற்றுக்கு அலை சற்று எழும்பியது. ஒவ்வோர் அலைக்கும், இறுக்கிக் கட்டிய மூடியையும் மீறி, ஒரு கரண்டி குழம்பு எனது வெள்ளைக் காற்சட்டையில். தவமணி வள்ளத்தின் முன்பக்கத்தில், அணியத்தில், காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை.

நாச்சிக்குடாவில் நியாஸின் வீட்டு முற்றத்தில் நாங்கள் இருக்க, பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து, தொழுதுவிட்டு வந்து வீட்டார் சட்டியைத் திறந்தார்கள். நியாஸ் முதல் துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். "அண்ணை, இப்பிடி விளைமீன் எங்கட சந்தையில கண்ணாலயும் காணேலா. நல்லதெல்லாம் கொழும்புக்குப் போயிடும்." அவருடைய மனைவி பக்கத்து மூன்று வீடுகளுக்கும் கோப்பைகளில் அனுப்பினா. வெள்ளிக்கிழமை மீன் தொடாத என் மனைவி, கரண்டியைப் பிடித்துத் தன் கையாலேயே பரிமாறினாள். "இன்னும் போடுங்கோ, இன்னும் போடுங்கோ. இண்டைக்கு எங்கடை கலியாண நாள்" என்று முழு ஊருக்கும் கேட்கச் சொன்னாள். எங்களுக்குப் பேரீச்சம்பழமும் இஞ்சித் தேநீரும் வந்தன.

இருட்டோடு புறப்பட்டோம். நாச்சிக்குடா வெளிச்சங்கள் பின்னால் போயின. கடல் மணம் முழங்காவில் வரை கூட வந்தது. எங்கள் பக்கத்தில் காற்றுக்கு வைக்கோல் மணம்தான், அது நின்ற இடத்தில் நிற்கும். இந்தக் காற்று ஆளைப் பிடித்து இழுக்கும் காற்று. தவமணி நெடுநேரம் பேசவில்லை. பழையபடி மௌனத்துக்குள் போய்விட்டாளோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"இரணைதீவு எண்டால் ரெண்டு தீவெல்லே?"

"ஓம்."

"நீங்கள் ஒண்டைத்தானே காட்டினீங்கள்?"

"பெரிய தீவு ஒண்டு காணும் எண்டு நினைச்சு..."

"ஆர் காணும் எண்டது? எனக்குச் சின்னத்தீவும் பாக்கவேணும். அந்தச் சுட்டிப் பசு கண்டு போட்டிட்டுதோ எண்டும் பாக்கவேணும். ஒருநாள் காணாது, றீற்றா அக்கா வீட்டிலை தங்குவம். பங்குனிக்குள்ளை போகவேணும், சோளகம் துவங்கினால் வள்ளம் விடாயினம்."

முன்னாலிருந்து நியாஸ், "பெருநாள் முடியட்டும் அக்கா. நானும் வாறன், பிள்ளைகளையும் கூட்டி" என்றார்.

"கட்டாயம் வாங்கோ. கிழமை நான் பாத்துச் சொல்லுறன்."

மாதமும் முடிவாகி, தங்கும் இடமும் முடிவாகி, ஆட்களும் முடிவாகிவிட்டார்கள். எதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. அந்த அளவுக்கு எனது பயணம் வெற்றி.