மஞ்சத்தண்ணி தெளித்த நோட்ஸ்

நனைந்த மை ஒரு மாதிரி புளித்த வாசனை அடிக்கும். அதோடு மஞ்சள் வாசனையும் சேர்ந்தால்... எனக்கு இன்றைக்கும் ஒரு பரீட்சைதான் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் கடைசி. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா கணக்கப்பிள்ளை. யூனிவர்சிட்டிக்கு எடுபட அண்ணன் ஏ.எல். பரீட்சையைத் திரும்ப எழுதியதால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் யூனிவர்சிட்டி போனோம். ஒரே பாடங்கள். தோட்டமே வாயைப் பிளந்தது!

முதல் வருஷப் பரீட்சை நன்றாகச் செய்தால்தான் நாலு வருஷ ஸ்பெஷல் டிகிரி; இல்லாவிட்டால் மூன்று வருஷச் சாதாரண டிகிரிதான். எனக்கு ராத்திரி பகலாக அதே நினைப்பு. "உமக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்று யாழ்ப்பாணத்து லெக்சரர் ஒருவர் வேறு சொல்லியிருந்தார்.

ஸ்டடி லீவுக்கு வீட்டுக்கு வந்தோம். வந்த கையோடு எனக்கு மாதவிலக்கு.

ஹாஸ்டலில் அது ஒரு விஷயமே இல்லை. வீட்டில் அப்படியா? புத்தகம் என்றால் சரஸ்வதி... தொடவே கூடாது. நாலாம் நாள் தலைக்கு ஊற்றும்வரை பின்வாசலில் சாக்கு விரித்து உட்கார வேண்டியதுதான்.

நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு படித்தேன். ஆனால் தோட்டத்தில் எதை மறைக்க முடியும், சொல்லுங்கள்? மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் நான் துணி அலசியதைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டார். நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது.

அம்மா அடிக்கவில்லை. நடுங்கிப் போனாள்.

"என்னாடி காரியம் பண்ணிட்ட? அண்ணனும் பரிச்ச எழுதப் போறான்டி... சாமி குத்தம் ஆயிருச்சுன்னா அவன் கதி என்னா?"

என் கதியைப் பற்றிப் பேச்சே இல்லை.

செம்பில் மஞ்சளைக் கரைத்தாள். நான் தொட்ட நோட்ஸை எல்லாம் தரையில் பரப்பித் தெளித்தாள். தீட்டுக் கழிக்கிறாளாம்.

"மை ஊறுதும்மா! வேணாம்மா!" என்று பின்வாசலில் நின்று கத்தினேன். உள்ளே ஓடிப் பிடுங்கவும் முடியாது... தீட்டாச்சே. ஊற்றுப் பேனாவில் வருஷம் முழுக்க எழுதியது, பக்கம் பக்கமாகக் கரைந்து ஓடியது.

அண்ணன் பாவம். எனக்குக் கேட்கட்டும் என்று தன் நோட்ஸை ஜன்னல் பக்கம் நின்று சத்தமாக வாசித்தான். அம்மா விட்டால்தானே!

"நீ ஒன் படிப்ப பாருய்யா. தொண்ட கட்டிக்கப் போவுது."

பரீட்சை நெருக்கத்தில் ஹாஸ்டலுக்குத் திரும்பினோம். அண்ணனின் நோட்ஸ் அவனுக்கே வேண்டியிருந்தது. என் ரூம்மேட் குருவிட்ட ஊர்ச் சிங்களப் பிள்ளை. என் நோட்ஸைப் பார்த்துவிட்டு "அனே பவ்!", ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டி, தன்னுடையதைத் தந்தாள். எல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேசத்தான். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பரீட்சையே வந்துவிட்டது.

அண்ணனுக்கு ஸ்பெஷல் கிடைத்தது. எனக்கு இல்லை.

இப்போது எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஃபோனிலேயே நோட்ஸ் வைத்து எல்லா நாளும் படிக்கிறார்கள். கேம்பஸ் போய் ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் என்று பாஸாகிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான்... கொஞ்சம் வயிற்றெரிச்சலும். பொய் சொல்வானேன்?

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நன்றாக வயதாகிவிட்டது. போன வாரம் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மகன்தான் கெட்டிக்காரன். இவளும் நல்லாத்தான் படிச்சா... என்னமோ, மண்டையில ஏறல."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாள்.