நீலக் கைமுனை

ஒக்சிமுக்கு நிறம்தான் எல்லாம். கொரியாவின் தென்கரையில், தோங்யோங் துறைமுகத்துப் பட்டுச் சந்தில் அவள் தையல் கடைக்கு அடுத்தது என்னுடைய கொண்டையூசிக் கடை. என் சரக்கை அவள் மதித்ததே இல்லை. பச்சைப் பட்டுக்கு வெள்ளி ஊசி எடுத்துக் கொடுத்தால், "இதுக்கு மொட்டைத் தலையே தேவலை" என்பாள். வாய்க்கொழுப்பு. ஆனால் மேல்சட்டை, பாவாடை, நாடா, இடுப்புக் குஞ்சம் என்று அவள் ஜோடி சேர்த்து அனுப்பிய பெண்ணை ஊரே திரும்பிப் பார்க்கும். அதை நான் மறுக்க மாட்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அதே சந்துக்காரி சுங்ஜா, மகள் கல்யாணத்தில் தான் உடுத்த ஓர் உடை தைக்கச் சொன்னாள். அவள் மகன் கிஹ்யோன் கணவாய் மீன் பிடிக்கும் படகில் கடலுக்குப் போயிருந்தான். திரும்பவேண்டிய நாள் கடந்துவிட்டது. சந்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "தங்கச்சி கல்யாணத்துக்கு வராம போயிடுவானா?" என்று சுங்ஜா மட்டும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் புருஷன் இருக்கிறவளுக்குச் சட்டை நாடா கத்தரிப்பூ நிறம். மகன் இருக்கிறவளுக்குச் சட்டைக் கைமுனையில் நீலம். அதைக் கேட்க வேண்டியதில்லை, தைப்பவளே வைத்துவிடுவாள்.

உடை தயாராகித் தொங்கியபோது போய்ப் பார்த்தேன். நாடா சரியாக இருந்தது. கைமுனை மட்டும் சட்டையின் அதே இளம்பச்சை. நீலம் எங்கே என்று கேட்டேன்.

"இந்தப் பச்சைக்கு நீலம் கையைப் பிடிச்சுக் கீழ இழுக்குதுடி. குஞ்சத்துல வச்சிருக்கேன். பாரு, எவ்வளவு பாந்தமா இருக்கு."

பாந்தமாகத்தான் இருந்தது, பாழாய்ப்போனது. மாற்றிவிடு என்று கெஞ்சினேன். அவள் கண்ணில் நிறத்தைத் தவிர எதுவும் படவில்லை. அதற்குள் சுங்ஜா வந்துவிட்டாள்.

உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நாடாவைத் தடவினாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி மணிக்கட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எப்ப சேதி வந்துச்சு?"

ஒக்சிமின் முகம் வெளுத்தது. சேதி எதுவும் இல்லை, தன் புத்திதான் கெட்டுப்போனது என்று உளறினாள். சுங்ஜா நம்பவில்லை. ஒக்சிம் மண்டியிட்டு, உடுத்திய நிலையிலேயே தையலைப் பிரித்து நீலத் துண்டை வைத்துத் தைத்தாள். ஊசி அவள் விரலிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

இடது கை முடிந்து வலது கையைப் பிடித்தபோது, சந்து முனையில் படகுச் சங்கத்து ஆள் தெரிந்தான். கெட்ட சேதி சொல்ல வருபவனைப் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கண்ணாடியில் சுங்ஜாவும் அவனைப் பார்த்தாள். திரும்பவில்லை. வலது கையை இன்னும் முன்னால் நீட்டினாள்.

"அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க, அக்கா."