இறங்கிட்டீங்களா?

கல்வராயன் மலைக்கு விதை ஏற்றிப்போகும் டிரைவர்களிடம், "இறங்கிட்டீங்களா?" என்று மாலையில் நானே போன் போட்டுக் கேட்பேன். பிறகு ஆபீஸ் சாட் குழுவை டேட்டாபேஸோடு, கோடிங் எழுதாமலே இணைத்தேன். கேட்பதும் பதிலைப் பதிவதும் தானாகவே நடந்தன.

அன்று டிரைவர் சேவியரிடம் சாட் குழு திரும்பத் திரும்பக் கேட்டது. பதில் இல்லை. சிக்னல் இருக்காது என்று நான் வீட்டுக்குப் போய்விட்டேன். கரியாலூர் சாலை வளைவில் வேன் கவிழ்ந்து, விடியும்வரை உயிரோடு கிடந்திருக்கிறார்.

துக்கம் கேட்கப் போனபோது, அவர் மனைவி அவருடைய போனை நீட்டினார்.

"இன்னமும் தெனம் கேட்டுக்கினே இருக்குதுங்க. அன்னிக்கு நீங்க போன் போட்டிருந்தா, எடுக்கலியேன்னு தேடிக்கினு போயிருப்பீங்கல்ல?"

சேவியர் பெயரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது எல்லோரையும் நானே அழைக்கிறேன். கடைசி டிரைவர் "இறங்கிட்டேங்க" என்ற பிறகும், மலையில் இன்னும் ஒருவர் இருக்கிறார்.