பக்கத்து இருக்கையில் இருப்பவன் சொல்ல வேண்டியது

அன்று ஏலகிரியிலிருந்து இறங்கிய வேனில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் அண்ணன், பக்கத்து இருக்கையில் நான், பின்னால் அம்மா, அம்மாவின் மடியில் தலைவைத்துப் பிரசவ வலியோடு அண்ணி. வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து பேர்.

ஆம்பூரில் பிறந்த அண்ணன் ராணுவத்தில் அதிகாரியாகி, எல்லையில் வேவு பார்க்கும் ஹெலிகாப்டரில் பறந்தவர். அப்பா போன பிறகு அவராவது படிக்கட்டும் என்று நான் எட்டாம் வகுப்போடு ஷூ கம்பெனிக்குப் போனேன். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

லீவில் வந்தவரிடம் ஒருமுறை கேட்டேன். "ஓட்ட ஒருத்தர் போதாதாண்ணா? எதுக்கு ரெண்டு பேரு?"

"ஓட்டுறவன் மெஷினைப் பார்ப்பான்டா. மலை, கம்பி, எதிரி எல்லாம் பக்கத்துல இருக்கிறவன்தான் பார்க்கணும். அவனுக்குக் கண்ணு மட்டும் பத்தாது, வாய் வேணும். மேலதிகாரியே ஓட்டினாலும் பார்த்ததை உடனே சொல்லணும். ஓட்டுறவன் 'கேட்டுச்சு'ன்னு பதில் குடுக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் காலி."

"நம்மால ஆவாதுண்ணா."

"பயந்தவன்தான்டா நல்லா பார்ப்பான்."

அன்று மலையில் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவில் "நிறுத்துண்ணா!" என்று கத்தினேன். வெறும் பனி. அடுத்த வளைவிலும் அப்படியே. பிரேக் போட்டபோதெல்லாம் அண்ணி துடித்தார்.

"சும்மா பேஜார் பண்ணாதடா, அவளுக்கு வலி ஜாஸ்தியாவுது!" என்று அம்மா திட்டினார்.

மூன்றாவது முறை ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்னால்தானே என்ற பயம்.

"தப்பா இருந்தாலும் சொல்லுடா" என்றார் அண்ணன், என் பக்கம் திரும்பாமலே.

"நிறுத்துண்ணா!"

"கேட்டுச்சு."

வேன் நின்ற இடத்திலிருந்து ஒரு முழத்தில் பாறை சரிந்து கிடந்தது. ஓரமாக ஒடித்து இறக்கினார். அன்று பிறந்தவள்தான் இன்று அண்ணனின் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தருகிறாள்.

பல வருஷம் கழித்து, அண்ணன் நோயில் படுத்திருந்த வேலூர் மருத்துவமனையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "அவர்கிட்ட சொல்லிடாத" என்று சொந்தங்கள் தடுத்தார்கள். உள்ளே போனதும் அண்ணன் கேட்டார்:

"இன்னாடா, முகமே சரியில்ல?"

கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவர் காத்திருந்தார்.

"ஒரு வாரந்தான்னு சொல்றாங்கண்ணா."

"கேட்டுச்சு" என்றார். மகளைக் கூப்பிடச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசிக்கொண்டிருந்தார்.

தடுத்த சொந்தங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், தினமும் சாப்பாடு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு பாய் குடும்பத்துக்கும், அவரைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் நன்றி. நீங்கள் சொன்ன ஆறுதல் ஒவ்வொன்றும் எங்களுக்குக் கேட்டது.