முப்பத்தொன்பது ஐந்து சதக் குத்திகள்

1964ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு முகிலும் இல்லை. சோளகக் காற்று நான்கு வாரமாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், என் கைக்கடிகாரத்தை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

பேய், முனி என்பவற்றை நான் ஒருநாளும் நம்பியவனல்ல. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன். இந்தக் கதையை இதுவரை பதினொரு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது பேர் சிரித்தார்கள். சிரிக்காத இருவரும் வல்லை வெளியால் தினமும் போய்வருகிறவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் எனக்குக் குறையில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கரவெட்டி. நான் அப்போது படிப்பித்த பள்ளிக்கூடம் அச்சுவேலிப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் வல்லை வெளி. வீடு இல்லை, நிழல் இல்லை, வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் உப்புத் தரையும் அதை அறுத்துக்கொண்டு போகும் வீதியும்தான். நடுவழியில் வீதியோரமாக ஒரு சிறிய கோயில் இருந்தது. பஸ்காரரும் லொறிக்காரரும் அந்த இடத்தில் சில்லறையாக ஒரு சதக்குத்தியாவது போடாமல் போகமாட்டார்கள். நிற்க நேரமில்லாதவர்கள் ஓடுகிற வாகனத்திலிருந்தே எறிந்துவிட்டுப் போவார்கள். போடாமல் போனால் முனி மறிக்கும் என்று சொல்வார்கள். நான் ஏழு வருடம் சைக்கிளில் போய்வந்தேன், ஒரு சதமும் போட்டதில்லை, ஒன்றும் மறிக்கவில்லை.

அந்த ஏழு வருடத்தில் மூவாயிரம் ரூபாய் சேர்த்தேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கொழும்பில் படித்த காலத்தில் கடற்கரை வீதியில் ஒரு சிவப்புக் காரைப் பார்த்தேன், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடியது, கூரையை மடித்து வைக்கலாம், நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். மற்றப் பொடியள் பெண்களைப் பார்த்த நேரத்தில் நான் அதைத்தான் பார்த்தேன். அதே மாதிரிக் கார் பண்டத்தரிப்பில் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு இரவு நித்திரை வரவில்லை.

ஜூன் ஆறாம் திகதி போய்ப் பார்த்தேன். அது சனிக்கிழமை. "சனிக்கிழமையில ஆரும் வாகனம் வாங்குவினமோ" என்று அம்மா முணுமுணுத்தார். மற்ற நாளில் போனால் ஒரு நாள் லீவு வீண் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

கார்க்காரர் சரவணமுத்தர், மலாயாவில் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். விலை மூவாயிரத்து இருநூற்றைம்பது என்றார். நான் காரைச் சுற்றி வந்து குறைகளைத் தாளில் எழுதினேன். வழுக்கையான ரயர் மூன்று, ஒழுகுகிற ரேடியேற்றர், கிழிந்த கூரைச் சீலை, கால் வைக்கும் தகட்டில் நிலம் தெரிகிற அளவு கறள் தின்ற ஓட்டை, இப்படி இருபத்து மூன்று. தாளை நீட்டியவுடன் அவர் மூவாயிரத்துக்கு இறங்கினார்.

"மாஸ்ரர், நீங்கள் கார் வாங்க வந்தனீங்களோ, சோதினைத் தாள் திருத்த வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

அப்போது அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். புருஷன் கண் முன்னால் இருக்கிறார், பொட்டும் இருக்கிறது, ஆனால் அந்த அம்மாவின் காதில் தோடு இல்லை, கையில் காப்பு இல்லை. நகையை அடகு வைக்கிற அளவுக்குக் காசு முடை என்று நான் கணக்குப் போட்டேன். இன்னும் நூறு குறையுங்கோ என்று பிடிவாதமாக நின்றேன். குறைத்தார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கெட்டிக்கார வியாபாரம் என்று நினைத்தேன்.

திறப்பைத் தரும்போது, இடப்பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்த சாம்பல் தட்டை இழுத்துக் காட்டினார். நிறைய ஐந்து சதக் குத்திகள், அந்தச் சதுரக் குத்திகள்.

"நாப்பது வைச்சிருக்கிறன். உது காரின்ரை காசு. வல்லை வெளியாலை போகேக்கை கோயிலடியில ஒண்டு போடுங்கோ. வரேக்கையும் ஒண்டு. முடியமுதல் திருப்பி நிரப்புங்கோ."

அவர் முன்னாலேயே எண்ணினேன். முப்பத்தொன்பது இருந்தது. சொன்னேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை, வெறுமையாக இருந்த இடது இருக்கையைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

அன்று வெளியைக் கடக்கும்போது நான் ஒன்றும் போடவில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் சதம், பள்ளிக்கூட நாள் இருநூறு, வருடத்துக்கு இருபது ரூபாய். இருபது ரூபாயை வீதியில் எறிய எனக்கு விசரா? வீட்டுக்கு வந்து பழக்கத்தில் தட்டை எண்ணினேன். முப்பத்தெட்டு. முன்பு பிழையாக எண்ணிவிட்டேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

திங்கட்கிழமை போய்வந்து எண்ணினேன். முப்பத்தாறு. செவ்வாய் முப்பத்து நான்கு. காரைக் கொட்டிலில் விட்டுப் பூட்டி, திறப்பைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். புதன் முப்பத்திரண்டு. தட்டை மூடி அதன் மேல் கடதாசித் துண்டு ஒட்டி என் கையொப்பம் வைத்தேன். வியாழன் மாலை கடதாசி ஒட்டினபடியே இருந்தது, கிழித்துப் பார்த்தால் முப்பது. அந்த வெளியால் போகாத சனி, ஞாயிறு நாட்களில் ஒன்றும் குறையவில்லை. ஒரு கடவைக்கு ஒன்று. நான் போடாததை எனக்குப் பக்கத்தில் இருந்து யாரோ போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வாரம் முடிய எட்டு மிஞ்சியது. வியாழக்கிழமை, ஜூலை இரண்டாம் திகதி மாலை, தட்டு வெறுமை.

பயம் இல்லாமலில்லை. ஆனால் கணக்கு என்றால் முடிவு தெரிய வேண்டும், பூச்சியத்துக்குப் பிறகு என்ன என்று பார்க்கிற வெறி எனக்கு வந்துவிட்டது. தட்டை நிரப்பவில்லை.

அடுத்த நாள் என் தங்கை பூமணிக்கு யாழ்ப்பாணத்தில் தாதி வேலைக்கு நேர்முகப் பரீட்சை. பின்னேரம் இரண்டு மணிக்கு. எங்கள் வீட்டில் அவளுடைய வேலையை நம்பி எல்லோரும் இருந்தோம். பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு, பஸ் வரவில்லை. நான் லீவில் நின்றேன். "ஏறு பிள்ளை" என்றேன். அம்மா தன்னுடைய காப்பு நான்கையும் கழற்றி அவள் கையில் போட்டுவிட்டார். இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். என் சட்டைப் பையில் முப்பத்தைந்து சதம் சில்லறை கிடந்தது. பரிசோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். தங்கச்சியை ஏற்றிக்கொண்டு அதைச் செய்தேன்.

கோயிலடி வந்ததும் எஞ்சின் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு இருபது. பிறகுதான் காற்று நின்றது தெரிந்தது. சோளகம் பகலில் நிற்பதில்லை. கிழிந்த கூரைச் சீலையின் படபடப்பு அடங்கிவிட்டது, எழும்பின புழுதி எழும்பினபடியே நின்றது. முன்னும் பின்னும் இரண்டு மைலுக்கு ஒரு வாகனமும் இல்லை.

பூமணி இடது பக்கம் திரும்பி, வெளியே யாரையோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெள்ளைத் தரை மட்டும்தான் இருந்தது. அவள் ஒரு காப்பைக் கழற்றி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல வலது கையை இடது கையால் தாங்கி வெளியே நீட்டினாள்.

"இந்தாங்கோ" என்றாள்.

கை திரும்பி வந்தபோது காப்பு இல்லை. விழுந்த சத்தமும் இல்லை. "பிள்ளை, என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது காப்பு. "இந்தாங்கோ." மூன்று. நான்கு. எனக்கு எண்ணத்தான் முடிந்தது, கை கால் அசையவில்லை. பிறகு தோடு இரண்டும். கடைசியில் வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

"வேறை இல்லை" என்றாள்.

எதிரில் இருந்தவர் ஏதோ சொல்வதைக் கேட்பதுபோலச் சற்று நேரம் தலையைச் சரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மரியாதையாகத் தலையாட்டினாள்.

"ஓம், வாறன்."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அப்போதுதான் எனக்கு உடம்பு வந்தது. அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். நூறு இறாத்தல் எடையும் இல்லாத பெண், கிணற்றுக் கட்டைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. பையைத் தடவினேன், ஒரு பத்து ரூபாய்த் தாள்தான். அவளுக்கு மேலால் அதை நீட்டினேன். அது என் விரலிலேயே இருந்தது. அவளுடைய மற்றக் காலும் தகட்டைவிட்டு எழும்பியது. கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

ஒரு பொருள் கையிலிருந்து விழுவதற்கும் ஒருவர் அதை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். வாங்கப்பட்டது. என் விரல் நுனியில் காய்ந்த பனைமட்டை போன்ற ஒன்று உரசியது, சூடாக இருந்தது.

காற்று திரும்ப வந்தது. எஞ்சின் தானாக ஓடியது.

"அண்ணை, ஏன் இதிலை நிப்பாட்டினனீங்கள்? நேரம் போகுதெல்லே" என்றாள் பூமணி. பிறகு தன் கையைப் பார்த்தாள். "ஐயோ, அம்மான்ரை காப்பு?"

இறங்கித் தேடினோம். ஊசி விழுந்தாலும் தெரிகிற தரை. காப்பு இல்லை, தோடு இல்லை, கடிகாரம் இல்லை. எங்கள் இருவரின் கால் அடையாளம்தான் இருந்தது. அவள் காதைத் தடவிக்கொண்டு, "ஓட்டையைக் காணேல்லை அண்ணை" என்றாள். பார்த்தேன். மூன்று வயதில் குத்திய காது. இரண்டு காதுச் சோணையும் பிறந்த குழந்தையின் சோணைபோல வழுவழுப்பாக மூடிக்கிடந்தன.

பரீட்சைக்கு நேரத்துக்குப் போனோம், வேலையும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இரண்டு ரூபாயை மாற்றி நாற்பது குத்தி எடுத்துத் தட்டில் நிரப்பிக்கொண்டு திரும்பினேன். வெளியைக் கடந்து வீட்டுக்கு வந்து எண்ணினேன். முப்பத்தேழு இருந்தது. எங்கள் இருவருக்கும் இரண்டு. அது இரண்டு பேர் இருக்கிற கார். மூன்றாவது குத்தி யாருக்குப் போனது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் காரை நான் ஓட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பண்டத்தரிப்புக்குப் போனேன். வல்லையில் என் பங்குக்குக் குத்தி போட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. தங்கச்சியின் காப்பும் தோடும் போன விதத்தைச் சொன்னேன்.

"காரைத் திருப்பி எடுங்கோ. பாதி விலை தந்தாலும் காணும்" என்றேன்.

"சும்மா தந்தாலும் வேண்டாம். நான் உங்களுக்குச் சொன்னனான்தானே மாஸ்ரர்" என்றார் சரவணமுத்தர்.

"போடச் சொன்னனீங்கள். போடாட்டி என்ன நடக்குமெண்டு சொல்லேல்லை."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களோ?"

அவருடைய மனைவி கதவடியில் நின்றார். இந்த முறை நான் காதைக் கூர்ந்து பார்த்தேன். தோடு அடகுக்குப் போன காது அல்ல அது. ஓட்டையே இல்லாத காது.

"பிள்ளை இறங்கினவவோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒரு கால் வைச்சிட்டாள்."

"எந்தக் கால்?"

"இடது கால்."

அவர் புருஷனைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய்விட்டார். நான் கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

வேறொருவனுக்கு விற்க மனம் வரவில்லை. இரண்டு வருடம் கொட்டிலில் கிடந்த காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். ஏற்றிப்போன லொறிக்காரனிடம் அந்த முப்பத்தேழு குத்தியையும் கொடுத்து, வல்லையில் எல்லாவற்றையும் போடச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பூமணிக்கு நகை செய்கிற பத்தரிடம் மூன்று தரம் காது குத்துவித்தோம். மூன்று தரமும் எட்டாம் நாள் மூடிக்கொண்டது. "ஆர் சொன்னது உது முந்திக் குத்தின காதெண்டு?" என்று பத்தர் எங்களோடு சண்டைக்கு வந்தார்.

இப்போது அவளுக்கு வயது போய்விட்டது, பனி கொட்டுகிற தேசத்தில் மகளோடு இருக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் கதைத்தபோது சாதாரணமாக ஒன்று சொன்னாள், இத்தனை வருடம் சொல்லாதது. எவ்வளவு குளிரிலும் தன் இடது உள்ளங்கால் மட்டும் வெயில் மண்ணில் வைத்தமாதிரிச் சுடுகிறதாம். அந்தக் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் படுக்கிறாளாம். "அது இன்னும் அங்கைதான் நிக்குதோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கார் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அம்மாவின் காப்பு நான்கும் அன்றைய விலைக்கு எழுநூற்று இருபது, தோடு எண்பத்தைந்து, கடிகாரம் நூற்றுப்பத்து. காது குத்தின கூலி மூன்று தரத்துக்கும் ஏழு ரூபாய் ஐம்பது, மாற்றின குத்திகள் இரண்டு ரூபாய். இரும்புக்காரன் தந்த அறுபதைக் கழித்தேன். பூமணியின் காலுக்கு என்ன விலை போடுவது என்று தெரியாததால் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது நீங்கலாக, மொத்த நட்டம் மூவாயிரத்து எழுநூற்று அறுபத்து நான்கு ரூபாய் ஐம்பது சதம்.