ஐந்து பூட்டும் ஓர் ஆணியும்

அடுத்தவன் உயிரைக் காப்பாற்றப் போய் அவன் வாயாலேயே திட்டு வாங்குவதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டென்றால், அது ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேலைதான். பின்சீட்டில் உட்கார்ந்த மனைவிக்கு ஹெல்மெட் மாட்டப் பார்த்துத் தோற்றவர்களே, நீங்களும் நானும் ஒரே ஜாதி. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

என் ஆலை விம்கோ நகருக்கு அப்பால் இருக்கிற ஒரு சோப்புத்தூள் கம்பெனி. அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் ‘சேஃப்டி சார்’. போன வருஷம் பெரம்பூரில் நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கினேன். எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டது. தனிமனிதன்தான் முதல், சமூகம் அப்புறம். அவன் உயிர் அவனுடையது. நல்லது கெட்டதை அவனவன் தன் புத்தியால் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. இதெல்லாம் நம் ஆலையில் செல்லுபடியாகுமா என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது.

தலை யாருடையது?

தேசப்பன், திருவொற்றியூர்க் குப்பத்துப் பையன். படகு வேலை இல்லாத மாதங்களில் எங்களிடம் மிக்ஸர் கழுவ வருவான். மிக்ஸர் என்றால் ஓர் அறை அளவு இரும்புத் தொட்டி. அடியில் ஆள் உயரத்துக்குச் சுழலும் கத்திகள். உச்சியில் ஒரு துவாரம், அது வழியாகத்தான் இறங்கவேண்டும்.

ஒருநாள் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, கேண்டீன் போண்டாவை அதில் போட்டு எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருந்தான். தலை காலி. பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவன் சொன்ன பதிலைத்தான் அன்று காலை மெட்ரோவில் அந்தப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தேன்.

“தல என்னுது. அடிபட்டா வலி என்னுது. நடுவுல நீ இன்னாத்துக்கு சார் பேஜார் பண்ணிக்கினு கீற?”

எழுதியவரைப் பற்றி ஒரு சந்தேகம்

விட மனசில்லாமல், தேநீர் நேரத்தில் அந்தப் பக்கத்தையே அவனுக்குப் படித்துக் காட்டினேன். தன் கட்சிக்கு ஆள் கிடைத்தான் என்று குதிப்பான் என நினைத்தேன். அவனோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான். தலை அவனுடையது என்பதில் மாற்றமில்லையாம். ஆனால் மற்றதெல்லாம் தனி ஆள் முடிவு என்றால் இடிக்கிறதாம்.

“இத்த எய்தினவரு போட்டுல போயிருக்காரா சார்? அவரு மட்டும் தனியா வல இஸ்க்கட்டும், நா கரையில குந்திகினு பாக்கறேன்.”

கும்பல் சத்தியம்

தேசப்பனுக்கு நேர் எதிர் கவுஸ் பாய். தண்டையார்பேட்டைக்காரர், மூத்த ஃபிட்டர். ஹெல்மெட், பெல்ட், கையுறை எல்லாம் நான் சொல்லாமலே போடுவார். ஆனால் பாதுகாப்பு தினத்தன்று எல்லாரும் கையை நீட்டி, ‘உறுதி கூறுகிறோம்’ என்று ஒரே குரலில் சொன்னபோது, அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் என்னை முறைத்தார். நான் பாயை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“எரநூறு பேரு சேந்து சொன்னா அது யாரு சொன்னதுன்னு தெரியாது சார். என் வேலைய நா பாத்துப்பேன், அத்த நா தனியா சொல்றேன், எய்திக்கோ.”

ஆணி

மிக்ஸரைக் கழுவவோ பழுது பார்க்கவோ இறங்குகிறவர்கள், மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஆளுக்கொரு பூட்டுப் போடவேண்டும். சாவி அவரவர் பையில் இருக்கவேண்டும். ஐந்து பேர் இறங்கினால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் திறக்கும்வரை கத்தி சுற்றாது. சட்டம் அப்படி. எங்கள் ஆலை வழக்கம் வேறு. ஃபோர்மேன் கோதண்டம் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். எல்லாச் சாவியும் அதில் தொங்கும், வேலை முடிந்ததும் அவரே எல்லாவற்றையும் திறந்துவிடுவார். நேரம் மிச்சம். நானும் தினமும் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

கவுஸ் பாய் மட்டும் ஆணிப்பக்கம் போகமாட்டார். கம்பெனி தந்த பூட்டுக்கூட வேண்டாமென்று, மூர் மார்க்கெட்டில் தானே ஒரு முரட்டுப் பூட்டு வாங்கிவைத்திருந்தார். நாலு பேரோடு ஒத்துப்போகத் தெரியாதவர் என்று பெயர். கோதண்டம் என்னிடமே புகார் சொன்னார்.

“நாங்கல்லாம் ஒத்துமையா கீறோம் சார், இந்தாளு மட்டும் தனிக்காட்டு ராஜா.”

வெள்ளிக்கிழமை

அன்று பாய், தேசப்பன் உட்பட ஐந்து பேர் மிக்ஸரில் இறங்கியிருந்தார்கள். பாய் வேலையைப் பாதியில் நிறுத்தித் தொழுகைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தேசப்பன் தலையில் ஹெல்மெட் இல்லாததைப் பார்த்து, “அது இல்லாமல் இனி கண்ணில் பட்டால் நேரே வீட்டுக்குத்தான்” என்று கத்தினேன். அவன் திரும்பிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கோதண்டம் ஓடிவந்தார். ஆணியிலிருந்த சாவிகளை எடுத்து நாலு பூட்டைத் திறந்துவிட்டாராம். பாயின் பூட்டு மட்டும் தொங்குகிறது, அவர் போன் அணைந்திருக்கிறது, லாரி காத்திருக்கிறது, மேனேஜர் குதிக்கிறார். பூட்டை வெட்ட என் கையெழுத்து வேண்டும். எல்லாரும் அவசரப்பட்டார்கள், நானும் அவசரப்பட்டேன். உன் கண்ணால் பார்த்து முடிவு செய் என்கிற பக்கத்தை மூலை மடித்து வைத்திருந்தவன், தொட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு தடவை வெட்டிப் பார்த்தார்கள். முரட்டுப் பூட்டு அசையவில்லை. மூன்றாவது தடவைக்கு மூச்சு வாங்கும்போது, பின்னால் தொட்டியின் துவாரத்திலிருந்து ஒரு தலை எழும்பியது. தலையில் ஹெல்மெட். “சார், கீழ உய்ந்து கெடந்துச்சி, எத்துகினு வந்துட்டேன்” என்றான் தேசப்பன். கோதண்டம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். கையெழுத்துப் போட்ட பேனாவை நான் இன்னும் மூடக்கூட இல்லை. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

தொழுகை முடிந்து வந்த பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓர் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றேன். அவர் கீறல் விழுந்த பூட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

“நா அவனுக்காவா பூட்னேன்? என் வேல முடியல, என் உசுருக்கு நா பூட்னேன். இத்தப் போயி வெட்டப் பாத்துகீறீங்களே!”

தேசப்பன் கேட்டது

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தேன். தேசப்பன் தன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான், தலையில் ஹெல்மெட்டும் இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்து, “இப்போது சொல், தலை யாருடையது?” என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போல என் முகத்தைப் பார்த்தான்.

“தல இன்னிக்கும் என்னுதுதான் சார். நேத்து கையெய்த்து போட்டியே, அத்த மட்டும் யாரு தலன்னு நென்ச்சிப் போட்ட?”

ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான் இதுவரை காப்பாற்றிய உயிர் ஒன்றுகூட இல்லை. தன் உயிரைத் தவிர வேறெதையும் நினைக்காத கவுஸ் பாய், தொழுகைக்குப் போன நேரத்தில் ஒன்றைக் காப்பாற்றிவிட்டார்.