இருபத்தேழாம் இலக்க வலைப்பை

ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வலைப்பை தொங்குகிறது. உள்ளே வெங்காயம். அதன் வாயை ஒரு பெரிய இரும்பு ஊக்கு மூடியிருக்கிறது. ஊக்கின் தலையில் 27 என்று பொறித்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமுறையாவது அதைப் பற்றிக் கேட்பார்கள். "கிளப்பிலை வேலை செய்த காலத்துச் சாமான்" என்று சொல்லிவிடுவேன். அது ஒரு ஸ்கொட்லாந்துப் பெடியனுடையது என்றோ, அவனுக்கு நான் ஒரு பொய் சொன்னனான் என்றோ சொல்வதில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். ஒஸ்லோவில் ஓர் உதைபந்தாட்டக் கிளப்பில் எனக்கு உடுப்புத் தோய்க்கிற வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரனும் தன் சட்டை, காற்சட்டை, காலுறை எல்லாவற்றையும் தன் இலக்கம் உள்ள வலைப்பைக்குள் போட்டு, ஊக்கைக் குத்திக் கூடைக்குள் எறிவான். பையைத் திறக்காமல் அப்படியே மெசினுக்குள் போடுவதுதான் முறை. நான் திறப்பேன். காலுறைக்குள் யாராவது மோதிரத்தைக் கழற்றி வைத்து மறந்திருந்தால்? அது தொலைந்து பழி என்மேல் வந்தால்? நான் அப்படிப்பட்ட ஆள். காலையில் ரயில் மேடை வரைக்கும் போய்விட்டு, அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்து, அடுத்த ரயிலில் வேலைக்குப் போகிறவன். எல்லாப் பையையும் திறந்து பார்த்ததில் அந்த ஆட்டக்காரரை எனக்கு முகத்தைவிட உடுப்பால்தான் அதிகம் தெரியும். யார் விழுந்து விழுந்து விளையாடுகிறான், யார் வியர்க்காமல் ஏமாற்றுகிறான், எல்லாம் தெரியும்.

அந்த வருடம் பனி முழுதாகக் கரையும் முன்னமே அந்த ஸ்கொட்லாந்துப் பெடியன் வந்தான். இருபது வயது, முன்வரிசை ஆட்டக்காரன். ஊரில் இருந்த பெரிய கிளப் வேண்டாம் என்று விட்டுவிட, இங்கே இலையுதிர்காலம் வரைக்கும் ஒரு ஒப்பந்தம். நன்றாக ஆடினால் நீட்டுவார்கள். இல்லையென்றால் தகப்பனோடு வீட்டுக் கூரைக்குப் பலகைக்கல் அடிக்கப் போகவேண்டும். இதையெல்லாம் அவன் என் அறையில், சூடாக ஓடிக்கொண்டிருக்கும் உலர்த்தும் மெசினுக்கு மேலே ஏறி இருந்துகொண்டு சொன்னான். அந்தக் கட்டடத்திலேயே சூடான இடம் அதுதான். அவனுடைய இங்கிலிஷ் எனக்குப் பாதிதான் விளங்கும். என்னுடையது அவனுக்கு அதிலும் பாதி. விளங்கினபடியே இங்கே எழுதுகிறேன். என்னை அவன் "பிக் மேன்" என்றுதான் கூப்பிடுவான். நான் அவனுடைய நெஞ்சளவுக்குத்தான் வருவேன். முதல்நாள் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகுதான் அவர்களுடைய ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தது.

கோடை முழுக்க அவன் கோல் அடித்தான். பந்து வருவதற்கு முன்னமே அது விழப்போகிற இடத்துக்கு ஓடிப்போய் நிற்பான். பத்திரிகையில் வந்த படத்தை என் மகள் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். "அப்பா தோய்ச்ச சட்டை" என்று கூட்டாளிகளுக்குக் காட்டினாளாம்.

செப்டெம்பரில் ஒருநாள் அவனுடைய காற்சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடப்பக்கம் மட்டும்தான் புல்லும் மண்ணும். வலப்பக்கம் தோய்த்து வைத்ததுபோல இருந்தது. அடுத்தநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். இரண்டு பக்கமும் விழுந்து எழும்புகிற பெடியன் இப்போது ஒரு பக்கத்துக்குத்தான் விழுகிறான். அந்தக் கிழமை பைக்குள் முழங்காலுக்குப் போடுகிற ஓர் இறுக்கமான உறை கிடந்தது. பின்னாலேயே அவனும் வந்து கதவைச் சாத்தினான்.

"பிக் மேன், இதை மற்றதுகளோடை கொழுவாதை. ஒருத்தரும் பாக்கக்கூடாது."

தலையாட்டினேன். நோர்வேக்கு வந்த புதிதில், பொலிஸ் விசாரணைக்குப் போகுமுன் அகதி முகாமில் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததைச் சொன்னால் அதிலையிருந்து நாலு கேள்வி வரும்." எங்களில் கனபேர் அதைப் பிடித்துக்கொண்டுதான் விசா எடுத்தோம். விசா கிடைத்த பிறகும் விட முடியவில்லை. என்னை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீற்றரில் காயப்போட்டு, காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மனைவி கேட்டாள். "ஆரின்ரை முழங்கால் எங்கடை வீட்டிலை காயுது?"

சொன்னேன்.

"அடுப்பு நிப்பாட்டினதை ரெண்டுதரம் பாக்கிற ஆள். இதை மட்டும் பாத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறியளோ?"

"நான் சொன்னால் அவன்ரை ஒப்பந்தம் போயிடுமப்பா."

"சொல்லாட்டி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்கு முன்னால் படியிறங்கியது. எங்கள் உடுப்புப் பொறுப்பாளர் ஒருகாலத்தில் அதே கிளப்பில் முன்வரிசையில் ஆடியவர். நொந்த காலோடு ஊசி போட்டுக்கொண்டு ஒரு பருவம் முழுக்க ஆடினாராம். இப்போது படியில் இறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைப்பிள்ளை கட்டிலால் இறங்குவதுபோலப் பின்பக்கமாகத்தான் இறங்குவார். "முன்னுக்கு ஓடினதெல்லாம் போதும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்னும் மூன்று ஆட்டம் இருந்தது. அது முடிந்ததும் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவு சொல்வதாகப் பயிற்சியாளர் அவனுக்குச் சொல்லியிருந்தார். "மூண்டே மூண்டு, பிக் மேன்" என்று விரலைக் காட்டினான். மெசினுக்கு மேலே ஏறுவதற்கு அன்றைக்கு அவன் வலது காலைக் கையால் தூக்கி வைத்தான்.

அடுத்தநாள் காலை, நடைபாதையில் பொறுப்பாளர் எண்ணிப் பார்க்கிற கம்பியில் மற்றவர்களுடைய பைகளைக் கொழுவினேன். இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் அந்த உறையை, அவனுடைய ஊக்காலேயே குத்தித் தொங்கவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வெறும் மெசினைப் போட்டுவிட்டு அதன் சத்தத்துக்குள் நின்றேன். கதவு இடுக்கால் பார்த்தேன். பொறுப்பாளர் எண்ணிக்கொண்டு வந்தவர் நின்றார். உறையைக் கழற்றி மணிக்கட்டில் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு வைத்தியருடைய அறைப்பக்கம் நடந்தார்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குள் ஒரு சவ்வு பாதி அறுந்திருந்ததாம். இன்னொரு தரம் பிழையாகத் திரும்பியிருந்தால் முழுதும் போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னாராம். அந்த மூன்று ஆட்டமும் அவன் இல்லாமல் நடந்தது. ஒப்பந்தம் நீளவில்லை.

போகிற அன்று என் அறைக்கு வந்தான். மெசினுக்கு மேலே ஏறவில்லை, கதவடியில் நின்றான்.

"பிக் மேன், நீ ஒருநாளும் ஒரு காலுறையைக்கூட மாத்திப் போட்டதில்லை."

நான் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எப்பிடி அங்கை போய்த் தொங்கினது?"

கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். "மறந்துபோனன்" என்றேன்.

கூடைக்குள் கிடந்த பைகளைப் பார்த்தான். பிறகு "ஓகே, பிக் மேன்" என்று தன் வெறும் வலைப்பையை மடித்து, ஊக்கைக் குத்தி, என் கையில் வைத்துவிட்டுப் போனான். அது கோபமா, நன்றியா, இனித் தேவையில்லை என்ற அர்த்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாரியில் கூரைகளில் ஏறிநின்று பனி தள்ளுகிறவர்களைக் கண்டால் நின்று அவர்களுடைய கால்களைப் பார்ப்பேன். "பெடியன்ரை காலைக் காப்பாத்தினனியள்" என்று மனைவி சொல்லுவாள். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் படும். அவனுக்கு என்னோடு சண்டை பிடிக்கவாவது ஒரு இடம் இருந்திருக்கும்.

போன மாதம் மகள் கணினியில் அவனுடைய பெயரைத் தட்டியிருக்கிறாள். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள்.

"அப்பா, ஓடி வாங்கோ. உங்கடை ஆள்!"

சில வருடத்துக்கு முந்தின ஒரு படம். ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கிளப். மழை. பின்னால் ஆட்கள் அதிகம் இல்லாத இருக்கைகள். கோல் அடித்துவிட்டு எழும்பி வருகிறான் என்று மகள் வாசித்துச் சொன்னாள். அந்த மூன்று ஆட்டமும் ஆடியிருந்தால் எங்கே இருந்திருப்பான் என்று படம் சொல்லவில்லை. நான் முகத்தைப் பார்க்கவும் இல்லை, காற்சட்டையைத்தான் பார்த்தேன். இடப்பக்கம் மண். வலப்பக்கம் அதைவிட மண், இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும்.

"இதை முதலிலை குளிர்தண்ணியிலை ஊறப்போடவேணும்" என்றேன்.

"ஐயோ அப்பா!" என்று மகள் சிரித்தாள்.

குசினியிலிருந்து மனைவி வெங்காயம் கேட்டாள். போய் ஊக்கைக் கழற்றி இரண்டு எடுத்துக் கொடுத்தேன். திரும்பவும் குத்திவிட்டு, சரியாகப் பூட்டினேனா என்று பார்க்காமல் படத்துக்கு முன்னால் வந்து இருந்தேன்.